சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் வீடியோ கேமுக்கும் இசையமைப்பதை மட்டக்களப்பில் இருந்தபடி தொழிலாகக் கொள்ள முடியுமா?

கேள்வி: ஆரையம்பதி வயலின்

அனைவருக்கும் வணக்கம். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசைத்துறைப் பட்டப்படிப்பை முடித்து எனக்கு ஒரு வருடம் ஆகப்போகிறது. வயலின் என் முதன்மை வாத்தியம், ஓர்கனும் வாசிப்பேன். அம்மாவின் தந்தை வடமோடிக் கூத்தைப் பழக்கி, மத்தளம் அடித்து நடத்தும் அண்ணாவியார். சிறு வயதில் கூத்து ஆடும் களரியின் ஓரத்தில் பாயில் படுத்தபடி, விடியும்வரை அவருடைய மத்தளத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியும் விழித்தும் வளர்ந்தவள் நான்.

பாட்டுக்கு மெட்டுப் போடுவதை விட, ஒரு காட்சிக்குப் பின்னால் நின்று அதைத் தாங்கும் இசையை எழுதுவதிலேயே எனக்கு ஆசை அதிகம். திரைப்படம், தொலைக்காட்சி நாடகம், வீடியோ கேம் ஆகிய மூன்றுக்கும் இசையமைப்பவராக வாழ வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் முதல் முயற்சியிலேயே சறுக்கினேன். சென்ற மாதம் நண்பர்கள் எடுத்த ஒரு குறும்படத்தில், வெளிநாட்டுக்குப் புறப்படும் மகனோடு தாய் வாசலில் நின்று பேசும் மூன்று நிமிடக் காட்சிக்கு இசை கேட்டார்கள். சுபபந்துவராளி ராகத்தில் வயலினுக்கு ஒரு நீண்ட மெட்டு எழுதி, மூன்று நிமிடமும் இடைவிடாமல் வாசித்துக் கொடுத்தேன். தனியே கேட்டபோது எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். படத்தோடு சேர்த்ததும் தாயின் பேச்சு காதில் விழவில்லை. இயக்குநர் என் இசையை எடுத்துவிட்டு, இணையத்தில் கிடைத்த வேறொன்றை வைத்து வெளியிட்டுவிட்டார். கோபமில்லை, எங்கே பிழைத்தது என்று தெரியாமல் இருப்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

பட்டதாரி ஆசிரியர் நியமனம் வரும்வரை காத்திருந்து அதில் சேர வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன். என் இசை ஏன் காட்சியைக் கெடுத்தது? இதற்குச் சென்னைக்கோ கொழும்புக்கோ போய்த்தான் ஆக வேண்டுமா? வீடியோ கேமுக்கு இசையமைப்பது சினிமாவுக்கு இசையமைப்பதிலிருந்து உண்மையில் வேறுபடுகிறதா? வருமானம் எந்த வழியில் வருகிறது? நான் வளர்ந்த கூத்துச் சூழலுக்கு இதில் ஏதேனும் இடம் உண்டா?

பதில்: நிந்தவூரான்

தங்கச்சி, நான் பதினொரு வருடங்களாகத் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் பின்னணி இசை எழுதுகிறேன். முதல் ஐந்து வருடங்கள் கொழும்பில் ஓர் அறையில் இருந்தேன். இப்போது நிந்தவூரில் என் வீட்டின் பின்புற அறையில் இருந்தே செய்கிறேன். உங்களுடைய முதலாவது கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தீர்த்துக்கொள்ளாமல் மற்றக் கேள்விகளுக்குப் போவதில் பயனில்லை.

உங்கள் மெட்டில் குறை இருந்திருக்காது. நீங்கள் எழுதியது கச்சேரிக்கான இசை. கச்சேரியில் கேட்பவரின் கவனம் முழுவதும் உங்களுடையது. காட்சியிலோ அந்தக் கவனத்துக்கு முதல் உரிமை தாயின் குரலுக்குத்தான் உண்டு. வயலினும் பெண் குரலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் சஞ்சரிப்பவை. பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதற்குத் தேவையான 1000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியிலேயே வயலினின் மினுக்கமும் இருக்கிறது. அதிலே கமகத்தோடு வாசித்தால், அசைந்துகொண்டே இருக்கும் இரண்டு குரல்களை ஒரே நேரத்தில் கேட்கும்படி காதை வருத்துகிறோம். பேச்சுள்ள இடத்தில் இசை அசையாமல் நிற்கலாம், அல்லது பேச்சுக்குக் கீழே தாழ்ந்த சுரங்களில் இருக்கலாம், அல்லது வசனம் முடிந்த மூச்சுவிடும் இடத்தில் மட்டும் வரலாம். வராமலும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த நல்ல இசையமைப்பாளர்கள் எல்லோரும், எங்கே இசை வேண்டாம் என்பதை முதலில் முடிவு செய்பவர்கள்.

இயக்குநரோடு உட்கார்ந்து படத்தை முழுவதும் ஓட்டிப் பார்த்து, இசை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் நிற்க வேண்டும், அந்த இடத்தில் அது என்ன சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொள்ளும் அமர்வுதான் இந்தத் தொழிலின் இதயம் என்பேன். நான் பழகிய இயக்குநர்களில் பலருக்கு இசைச் சொற்கள் தெரியாது. "இங்கே கொஞ்சம் பாரமாக வேண்டும்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாரம் யாருடையது, தாயினுடையதா மகனுடையதா என்று திருப்பிக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். உங்கள் காட்சியில் இசை தாயின் பக்கம் நின்றதா, மகனின் பக்கம் நின்றதா என்று நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் நிற்கப் பார்த்த இசைதான் பெரும்பாலும் மூன்று நிமிடமும் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது கணக்கு. நீங்கள் கர்நாடக இசை படித்தவர் என்பதால் இது உங்களுக்கு எளிது. காட்சி தொடங்கி 16ஆவது விநாடியில் கதவு சாத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்ற வேகத்தில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தைப் போட்டால், சரியாக இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு சுற்று முடிந்து மூன்றாவதின் சமத்தில், அதாவது முதல் அடியில் கதவு விழும். அந்த வேகம் மந்தமாகத் தோன்றினால் 90இல் மூன்று ஆவர்த்தனம் முடியும். கதவு 15ஆவது விநாடியில் என்றால் வேகத்தை 64 ஆக்கிக்கொள்ளுங்கள். மீண்டும் இரண்டு ஆவர்த்தனம். மென்பொருளில் ஒரு படத்தைத் திறந்து, அதன் முக்கிய இடங்களுக்கு அடையாளமிட்டு, எந்த வேகத்தில் அவை சமத்திலோ அரையிடத்திலோ விழுகின்றன என்று தேடுவதை ஒரு மாதம் தினமும் செய்யுங்கள். பழகிய பிறகு எல்லாவற்றையும் சமத்தில் விழுத்தக் கூடாது என்பதும் தானாகப் புரியும். ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் அடி விழுந்தால் சோகக் காட்சியும் கேலிச்சித்திரமாகிவிடும்.

தொலைக்காட்சியில் நான் கற்றது பெரும்பாலும் அவசரத்தில் கற்றதுதான். என் முதல் தொடரில் ஓர் அங்கத்துக்கு நான்கு நாட்கள் தந்தார்கள். முதல் அங்கத்தில் எல்லாவற்றையும் புதிதாக எழுதி, மூன்றாவது இரவு காய்ச்சலில் விழுந்தேன். பிறகுதான், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நான்கைந்து சுரங்கள் கொண்ட ஒரு சிறு சுரத்தொடரை முன்கூட்டியே அமைத்து, அதைக் காட்சிக்கேற்ப மெதுவாக, வேகமாக, தனி வாத்தியத்தில், கூட்டாக என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் பழகினேன். முடித்த இசையை ஒரே கோப்பாகக் கொடுக்காமல், தாளம், தந்தி வாத்தியம், குரல் என்று பிரித்து 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் கோப்புகளாகக் கொடுத்தால், ஒலிக்கலவை செய்பவர் பேச்சுக்கு இடைஞ்சலான ஒரு பகுதியை மட்டும் குறைத்துக்கொள்வார். உங்கள் வயலின் அப்படித் தனிக் கோப்பாக இருந்திருந்தால், அந்த இயக்குநர் முழுவதையும் தூக்கியெறிந்திருக்கத் தேவையில்லை.

சென்னைக்குப் போக வேண்டுமா என்பதற்கு என்னால் உறுதியான பதில் சொல்ல முடியாது. அங்கே பாடல்களே முதலில் பேசப்படுகின்றன. பின்னணி இசைக்கு மட்டும் என்று ஒருவரைத் தேடுவது குறைவு. நம் நாட்டில் தமிழ்ப் படங்கள் அரிதாகவே வருகின்றன. ஆனால் இலங்கைத் திரையிசை வரலாற்றைப் புரட்டினால், ஆர். முத்துசாமி, எம். ரொக்சாமி போன்ற தமிழ் இசைக்கலைஞர்கள் சிங்களப் படங்களுக்கு இசையமைத்துப் பெயர் பெற்றிருப்பதைக் காண்பீர்கள். சிங்கள நாடகங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் எழுதும் வாய்ப்பை நீங்கள் கணக்கில் எடுக்காமல் விட வேண்டாம். எனக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் அதுதான்.

பதில்: வாவிக்கரையான்

வணக்கம் தங்கச்சி. மட்டக்களப்பு நகரில் பிறந்து, இப்போது ரொறன்ரோவில் வீடியோ கேம் ஒலித்துறையில் வேலை செய்கிறேன். நிந்தவூரான் சொன்னவற்றில் மாற்றுக் கருத்து இல்லை. உங்களுடைய மூன்றாவது கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் ஒரே பதில்தான் என்று எனக்குத் தோன்றுவதால் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

படத்தில் கதவு எப்போதும் 16ஆவது விநாடியில்தான் சாத்தப்படும். வீடியோ கேமில் அது எப்போது சாத்தப்படும் என்று யாருக்கும் தெரியாது. விளையாடுபவர் கதவருகே வந்து, திறக்காமல் திரும்பி, பத்து நிமிடம் வேறெங்கோ அலைந்துவிட்டு வரலாம். அவர் எதைச் செய்தாலும் இசை அவரோடு கூடவே போக வேண்டும், அறுந்துபோனதாகவும் தோன்றக் கூடாது. இதை முதன்முதலில் எனக்கு விளக்கியபோது, உடன் இருந்தவர்கள் எல்லோரும் புதுமை என்று வியந்தார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்க் களரிதான். கூத்தன் களரிக்கு வரும் வரவு ஆட்டத்தில் எத்தனை சுற்று ஆடுவான் என்று அண்ணாவியாருக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் ஆடுபவனின் காலைப் பார்த்துக்கொண்டே மத்தளம் அடிக்கிறார். ஆடுபவன் களைத்தால் பிற்பாட்டுக்காரர் அடியை மீண்டும் எடுத்துப் பாடி அவனுக்கு மூச்சுவிட நேரம் தருகிறார்கள். அவன் முடிக்கத் தயாரானதும் தீர்மானம் என்ற முடிவுத் தாளக்கட்டை வைத்து எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள். சல்லரி என்ற கைத்தாளக் கருவி தாளத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் கேம் இசையில் நேரான தொழில்நுட்பம் இருக்கிறது.

ஒரு வழி, அடுக்கு முறை. ஒரே வேகத்திலும் ஒரே நீளத்திலும் நான்கு தடங்களை எழுதுவோம். முதலாவதில் சுருதி போன்ற நீண்ட ஒலி மட்டும், இரண்டாவதில் ஒரு மெல்லிய தந்தி, மூன்றாவதில் உடுக்கு, நான்காவதில் முழுத் தாளம். நான்கும் எப்போதும் சேர்ந்தே ஓடும். ஆனால் அமைதியான இடத்தில் முதலாவது மட்டும் கேட்கும். எதிரி நெருங்க நெருங்க மற்றவை ஒவ்வொன்றாகத் திறக்கும். இன்னொரு வழி, துண்டு முறை. நான்கு ஆவர்த்தனம், எட்டு ஆவர்த்தனம் என்று துண்டுகளாக எழுதி, விளையாட்டில் நிலைமை மாறும்போது நடப்பு ஆவர்த்தனம் முடிந்த உடனே அடுத்த துண்டுக்குத் தாவச் செய்வோம். 1991இல் வெளிவந்த மங்கி ஐலண்ட் இரண்டாம் விளையாட்டுக்காக லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்ட், பீற்றர் மக்கொனல் இருவரும் உருவாக்கிய ஐமியூஸ் என்ற அமைப்பு இவ்விதத் தாவலை நேர்த்தியாகச் செய்து காட்டியது. இன்று எஃப்மொட், வைஸ் என்ற இரண்டு மென்பொருள்கள் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. சிறிய முயற்சிகளுக்கு இரண்டையும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். உங்கள் வீட்டுக் கணினியிலேயே இன்று இரவு பதிவிறக்கிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. கேமுக்கு எழுதும்போது ஒரே இரண்டு நிமிட இசையை ஒருவர் நாற்பது தடவை கேட்பார். எனவே மனதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு இங்கே எதிரியாகவும் மாறும். முடிவு தொடக்கத்தோடு தையல் தெரியாமல் பொருந்த வேண்டும். கடைசிச் சுரத்தின் எதிரொலி அடுத்த சுற்றின் தொடக்கத்தின் மேல் படர்ந்து அடங்க வேண்டும். எம்பி3 கோப்பாக மாற்றும்போது தொடக்கத்தில் சிறு மௌனம் ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். வேவ் அல்லது ஓக் கோப்பாகவே கொடுங்கள். என்னுடைய முதல் வேலை இந்த ஒரு சின்ன விடயத்துக்காகத் திரும்பி வந்தது.

தொழில் பாதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைக்கேல் ஜியாக்கினோவின் வாழ்க்கையைப் படித்துப் பாருங்கள். அவர் நியூயோர்க்கில் திரைப்படம் படித்தவர். வீடியோ கேம் தயாரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, 1997இல் ஜுராசிக் பார்க் கதையை ஒட்டிய ஒரு விளையாட்டுக்கு முழு வாத்தியக் குழுவோடு இசையமைத்தார். 1999இல் மெடல் ஒஃப் ஹோனர் விளையாட்டு வந்தது. அந்த இசையைக் கேட்ட தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜே. ஜே. ஏப்ரஹாம்ஸ் 2001இல் ஏலியஸ் தொடருக்கு அவரை அழைத்தார். 2004இல் லொஸ்ட் தொடரும் இன்கிரெடிபிள்ஸ் படமும். 2010இல் ‘அப்’ (Up) என்ற படத்துக்காக ஒஸ்கார். கேம், தொலைக்காட்சி, சினிமா என்ற வரிசையில் நடந்த பயணம் அது. லொஸ்ட் தொடரில் விபத்துக்குள்ளான விமானத்தின் உடைந்த பாகங்களையே தாள வாத்தியமாக அடித்து ஒலிப்பதிவு செய்தார். கதையின் இடத்திலிருந்தே ஒலியை எடுப்பது என்றால் அதுதான்.

வீடியோ கேம் இசையை இன்னும் விளையாட்டுப் பிள்ளைகளின் விடயமாகப் பார்ப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். 2005இல் ஒரு விளையாட்டுக்காக கிறிஸ்டோபர் டின் சுவாஹிலி மொழியில் அமைத்த பாடல் 2011இல் கிராமி விருது பெற்றது; கேமுக்காக எழுதப்பட்ட ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. 2023இலிருந்து வீடியோ கேம் இசைக்கென்றே கிராமியில் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லலாம், அவர் மனம் மாறுவார் என்று உறுதி தர முடியாது என்றாலும்.

இன்னொன்று என்னை நெடுநாள் உறுத்துகிறது. இந்தியாவில் ஒரு சிறு குழு தம் புராணங்களை வைத்து உருவாக்கி 2020இல் வெளியிட்ட ராஜி என்ற விளையாட்டுக்கு இசையமைத்தவர் ஒரு கிரேக்கர். அவர் நன்றாகவே செய்திருக்கிறார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நம் வாத்தியங்களை உள்ளிருந்து அறிந்த ஒருவர் வேண்டும் என்று ஒரு குழு தேடும் நாளில், மத்தளம் அறிந்தும் எஃப்மொட் அறிந்தும் இருப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்குத் தெரிந்தவரை எவரும் இல்லை. அந்த இடத்தில் நீங்கள் நிற்கலாம்.

சென்னையோ ரொறன்ரோவோ தேவையில்லை. 48 மணி நேரத்தில் ஒரு விளையாட்டை உருவாக்கும் இணையப் போட்டிகள் வருடம் முழுவதும் நடக்கின்றன. அவற்றில் படம் வரைபவரும் நிரல் எழுதுபவரும் இருப்பார்கள், இசைக்கு ஆள் தேடுவார்கள். ஐந்து போட்டிகளில் கூலி எதிர்பாராமல் சேருங்கள். ஆறாவதிலிருந்து கேளுங்கள். இலவசத்தைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

பதில்: களுதாவளை ஆசிரியர்

மகள், நான் பாடசாலையில் சங்கீதம் கற்பிக்கிறேன். மாலையிலும் விடுமுறையிலும் விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஆலயப் பாடல் தொகுப்புகளுக்கும் இசையமைக்கிறேன். உங்கள் அப்பாவின் பக்கம் நின்று சில வார்த்தைகள் சொல்ல அனுமதியுங்கள்.

நியமனம் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடுகிறது; மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. அந்தச் சம்பளம் இருப்பதால்தான், எனக்குப் பிடிக்காத வேலையை மறுக்க என்னால் முடிகிறது. வருமானமில்லாத இசையமைப்பாளர் எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்ல வேண்டி வரும். இரண்டு வருடத்தில் அவருடைய காது மழுங்கிப்போகும். ஏ. ஆர். ரஹ்மான் 1992இல் ரோஜாவுக்கு இசையமைப்பதற்கு முன் பல வருடங்கள் மற்றவர்களின் குழுக்களில் கீபோர்ட் வாசித்தும் விளம்பரங்களுக்கு இசையமைத்தும் வாழ்ந்தவர். முப்பது விநாடிக்குள் ஓர் எண்ணத்தைத் தொடங்கி முடிக்கும் பயிற்சி விளம்பரத்தில் கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடைக்காது. நம்மூர்ப் புடவைக் கடை விளம்பரத்தை இழிவாக நினைக்காதீர்கள்.

பணம் வரும் வழியைப் பற்றி நேரடியாகச் சொல்கிறேன். முதலாவது, வேலைக்கான கூலி. குறும்படத்துக்கு மொத்தத் தொகையாகவும், கேமுக்குப் பெரும்பாலும் முடித்த இசையின் நிமிடக் கணக்கிலும் பேசுவார்கள். முற்பணம் வாங்காமல் தொடங்க வேண்டாம். எத்தனை தடவை திருத்துவீர்கள் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்; நான் இரண்டு என்று எழுதுகிறேன், அதற்கு மேல் தனிக் கட்டணம். இரண்டாவது, உரிமைப் பணம். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் ஒலிபரப்பாகும் இசைக்கு, எந்த நிகழ்ச்சியில் யாருடைய இசை எத்தனை விநாடி வந்தது என்ற பட்டியலின் அடிப்படையில் உரிமைச் சங்கங்கள் வழியாகப் பணம் வருகிறது. வெளிநாடுகளில் இது ஒரு வாழ்வாதாரம். இங்கே அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, ஆனாலும் பட்டியலை எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும். வீட்டில் ஒருவர் கேம் விளையாடுவது பொது ஒலிபரப்பு ஆகாததால் அதில் இந்த வரவு பெரும்பாலும் இல்லை. ஆகவே கேமுக்குக் கூலியைக் கூட்டித்தான் கேட்க வேண்டும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் ஓர் இசையைப் படைத்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுக்கு உண்டாகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆக்கியவரின் ஆயுளுக்குப் பின்னும் 70 வருடங்கள் அது நிலைக்கிறது. அதை விற்கலாம், குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் கொடுக்கலாம். எதைக் கொடுக்கிறீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நான் ஒரு காலத்தில் நட்பை நம்பி எழுதாமல் கொடுத்த ஒரு மெட்டு, என் பெயரில்லாமல் மூன்று விளம்பரங்களில் வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில் இப்போது பயனில்லை. ஒரு பக்கத்தில் நான்கு வரி எழுதி இருவரும் கையொப்பமிட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

இயக்குநர்கள் படத்தொகுப்பின்போது ஏதேனும் ஒரு பிரபலமான இசையைத் தற்காலிகமாகப் பொருத்தி வைத்து, "இதைப் போலவே வேண்டும்" என்பார்கள். அந்த இசையில் அவர்களைக் கவர்ந்தது வேகமா, வாத்தியமா, அடங்கியிருக்கும் தன்மையா என்று கேட்டு அறிந்து, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டை நகலெடுத்தால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 60 நாள் இலவசம், தனிப்பட்டோருக்கான உரிமம் 60 அமெரிக்க டொலர். ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் லேப்ஸ் என்ற வாத்திய ஒலித்தொகுப்பில் இலவசமானவை உண்டு. ஒரு நல்ல ஒலிவாங்கியும் காதில் அணியும் ஹெட்போனும் வாங்குங்கள். பெரிய ஸ்பீக்கர் பிறகு வாங்கலாம். ஒலிப்பதிவை இரவு பதினொன்றுக்குப் பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். வியர்க்கும், பரவாயில்லை.

பதில்: தேற்றாத்தீவுக் களரி

வாவிக்கரையான் கூத்தையும் கேமையும் ஒப்பிட்டது எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணாவியாரின் மத்தளத்தையோ, அதைவிட முக்கியமாகக் கண்ணகை அம்மன் சடங்கின் பறையையும் உடுக்கையும் காவியப் பாடலையுமோ, அவை யாருடையவை என்று கேட்காமல் பதிந்து கொண்டுபோய் எதிரியைச் சுடும் காட்சிக்கு அடுக்குவதை நான் ஏற்க மாட்டேன். கோயில் கதவு திறப்பதற்கு முன் அடிக்கும் அடி வேறு, தெய்வம் ஆடும்போது அடிக்கும் அடி வேறு. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். அயலூரில் கேட்பவருக்குத் தெரியாது என்பதற்காக நாம் அதை மறந்துவிடக் கூடாது.

ஆசிரியர் குறிப்பிட்ட அதே சட்டத்தில் கிராமியக் கலை வெளிப்பாடுகளின் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற வேண்டும் என்கிறது அது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாசித்த கலைஞரின் பெயரும் ஊரின் பெயரும் படத்தின் எழுத்தோட்டத்தில் வர வேண்டும், அவருக்குக் கூலியும் போக வேண்டும். தங்கச்சி, உங்கள் தாத்தா வாசித்தாலும் அப்படித்தான்.

பதில்: வாவிக்கரையான்

தேற்றாத்தீவு அண்ணன் சொன்னது முழுவதும் சரி. உடுக்கை எதிரி நெருங்கும் இடத்துக்கு எடுத்துக்காட்டாக நான் எழுதியதே பிழை என்று இப்போது உணர்கிறேன். யோசிக்காமல் கைக்கு வந்த வாத்தியத்தை எழுதிவிட்டேன். நான் சொல்ல வந்தது ஒலியை எடுப்பதைப் பற்றியல்ல, அண்ணாவியார் பார்க்கும் முறையைக் கற்பதைப் பற்றி. அதை ஒரு பியானோவிலும் செய்யலாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோதும், எதை வெட்டினால் தாளத்தின் உயிர் போகாது என்ற கேள்வி எழுந்திருக்கும். காட்சிக்கு இசையமைப்பவரும் நாள்தோறும் அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்.

பதில்: நிந்தவூரான்

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. வடமோடியில் விருத்தம் பாடும்போது தாளம் இருக்காதல்லவா? மத்தளம் ஓய்ந்து குரல் மட்டும் நடக்கும். அதன் பிறகு தாளத்தோடு பாடும் தரு தொடங்கும்போது தாளத்துக்கு எத்தனை வலிமை வந்துவிடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் குறும்படத்தில் தாய் பேசுவது விருத்தம் என்று வைத்துக்கொண்டு மறுபடி எழுதிப் பாருங்கள். எனக்கு அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன்.

கேட்டவர்: ஆரையம்பதி வயலின்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், சொன்னவற்றைச் செய்து பார்க்காமல் வெறும் நன்றி மட்டும் எழுத மனம் வரவில்லை.

நண்பர்களிடம் படத்தை மீண்டும் வாங்கினேன். முதலில் கணினியைத் தாத்தாவின் சாய்மனைக் கதிரைக்கு முன்னால் வைத்து, ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, அந்த மூன்று நிமிடத்தை மட்டும் ஓட்டிக் காட்டினேன். அவருக்குக் கண் சற்று மங்கல். இரண்டாம் தடவை ஓட்டும்போது கதிரையின் கைப்பிடியில் விரலால் தட்டத் தொடங்கினார். மகன் பையைத் தூக்கும் இடத்தில் தட்டினார், வாசற்படி இறங்கும் இடத்தில் தட்டினார். தாய் பேசும் இடம் முழுவதும் விரலை உயர்த்தியபடி வைத்திருந்தார். பேசி முடித்து அவர் முந்தானையால் முகத்தைத் துடைக்கும் இடத்தில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அவ அழுது முடியட்டும் புள்ள, அதுக்குப் புறகு தொடங்கு" என்றார்.

மூன்று நிமிடத்தில் இப்போது 40 விநாடிக்கு மட்டுமே இசை இருக்கிறது. வயலினைத் தாழ்ந்த ஒலி தரும் கடைசித் தந்தியில், நான்கு சுரங்களோடு நிறுத்தியிருக்கிறேன். இசை மகனின் பக்கம் நிற்கிறது. தாய்க்கு அவருடைய குரலே போதும் என்று தோன்றியது. தாளம், வயலின் இரண்டையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருக்கிறேன். தாளத்துக்குத் தாத்தா அந்தக் கைப்பிடியிலேயே தட்டியதை, மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரவில் பதிந்தேன். அவர் பெயரையும் ஊரையும் எழுத்தோட்டத்தில் போடும்படி இயக்குநரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

நிந்தவூர் அண்ணன், கோப்பை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். வாவிக்கரை அண்ணன், எஃப்மொட்டில் துண்டு மாறும் இடத்தில் எனக்கு அரை எண்ணிக்கை பிந்துகிறது. ஆவர்த்தன எல்லையை 8 எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறேன். எதைச் சரிபார்க்க வேண்டும்?